கெட்டிமேளம் அடித்த ஸ்கேன்

பலாக்காய் வாங்குகிறவன் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பான். ஆயுசு பூராவும் நான் செய்த வேலை அதுதான். குறிஞ்சிப்பாடிக்கு மேற்கே தோப்புத் தோப்பாகப் போய், மரத்தோடு காயை விலை பேசி, பதம் பார்த்து இறக்கி வண்டியேற்றி விடுவேன். தட்டும்போது 'டங் டங்' என்று வந்தால் இன்னும் நாள் இருக்கிறது. 'பொத் பொத்' என்று அடங்கி வந்தால் இறக்கிவிடலாம். இதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது, எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு தோப்புக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நானே தட்டிப் பார்த்து ஒரு பழம் எடுத்துக் கொடுத்தேன். சத்தம் அவ்வளவு சுத்தம். பந்தியில் வைத்து அறுத்தால் ஒரு பக்கம் சுளையெல்லாம் கறுத்து அழுகிக் கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது என்று சத்தம் சொல்லும். அது நல்லதா கெட்டதா என்பதைச் சில நேரம் சொல்லாது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தானே புயலுக்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரியின் ஈரலில் ஏதோ இருக்கிறது என்று சொன்னதும் ஒரு சத்தம்தான்.

அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி. சாப்பிட்டால் ஜாஸ்தியாகும். வாயு என்று சொல்லிப் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி, அதாவது என் மச்சான், கடலூரில் வேன் ஓட்டுகிறவன். பிரசவத்துக்கும் அடிபட்டதுக்கும் ஆள் ஏற்றிப் போய்ப் போய், அவனுக்குத் தெரியாத ஆஸ்பத்திரி கிடையாது.

"கெளம்புக்கா. மஞ்சக்குப்பத்துல ஸ்கேன் எடுக்கிற டாக்டர் ஒருத்தர் இருக்காரு. போனமா வந்தமான்னு இருக்கும்."

"ஸ்கேனா? எனக்கென்னடா, மாசமாவா இருக்கேன்?"

"இருந்தா மாமாவுக்குத்தான் மாலை போடணும். வா, வந்து வேன்ல ஏறு."

மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டி ஒரு மாடி. உள்ளே வெளிச்சமே இல்லாத அறை. டாக்டருக்கு என் பெரிய மகன் வயசு இருக்கும். அவள் வயிற்றில் ஏதோ பசையைத் தடவி, கையடக்கமாக ஒரு கருவியை வைத்து அழுத்தி அழுத்தி நகர்த்தினார். திரையில் தெரிந்தது எனக்கு மழை பெய்கிற மாதிரிதான் இருந்தது, சாம்பல் நிறத்தில் ஒரு மழை. அதற்குள் அவர் எதைப் பார்த்தாரோ, ஓரிடத்தில் நின்றார். அப்புறம் போய்விட்டுத் திரும்பவும் அதே இடத்துக்கு வந்தார். தட்டினவன் அதே இடத்தை மறுபடி தட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

"ஈரல்ல ஒரு கட்டி மாதிரி தெரியுதுங்கய்யா" என்றார். "பாதி எலுமிச்சம்பழம் அளவு இருக்கும்."

"கெட்ட கட்டிங்களா?"

"இத வெச்சு அவ்வளவு தூரம் சொல்ல முடியாது. ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. கட்டி கறுப்பாத் தெரியுது, ஓரம் சரியா புடிபடல. நல்லதும் இப்படித் தெரியும், கெட்டதும் இப்படித் தெரியும். இது வெறும் சத்தம்தானுங்களே."

"சத்தமுங்களா?"

"ஆமாங்க. நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். உள்ள போயி மோதிட்டுத் திரும்பி வரும். திரும்பி வர்றதத்தான் மிஷின் படமாப் போடுது."

நான் பலாக்காயில் தட்டுகிற தட்டைத்தான் இந்த மனுஷர் என் பெண்டாட்டி வயிற்றில் தட்டியிருக்கிறார். எனக்குக் காதில் கேட்பது அவருக்குக் கண்ணில் தெரிகிறது. அதை அவரிடம் சொன்னேன்.

சிரித்தார். "அதேதான். ஆனா நீங்க தட்டிட்டு அறுத்துப் பாத்துடலாம். நான் அறுக்காம சொல்லணும். சி.டி. ஸ்கேன் ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

வேனில் திரும்பி வரும்போது எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள்தான் பேசினாள்.

"என்னா ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போறவங்க மாதிரி வர்றீங்க? நாப்பது வருஷத்துக்கு முந்தி ஒருத்தரு கட்டினாரு, அதையே இன்னும் சமாளிச்சிட்டுத்தான் இருக்கேன். இந்தக் கட்டி என்னத்தப் பண்ணிடும்?"

மச்சான் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவளே மெதுவாக, "அப்பாவுக்கும் இந்தப் பக்கம்தானேடா?" என்றாள். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல ஆகிருதியான ஆள், முந்திரித் தோப்பு வைத்திருந்தார். ஒரு கோடையில் வயிறு வீங்க ஆரம்பித்தது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி கொடுத்தார்கள், பத்தியம் இருந்தார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தக் காலத்தில் உள்ளே என்ன என்று தெரிய வேண்டுமானால் திறந்துதான் பார்க்க வேண்டும். திறந்தார்கள், பார்த்தார்கள், மூடிவிட்டார்கள். ஈரல் முழுக்கக் கட்டி என்று வெளியே வந்து சொன்னார்கள். அந்தத் தையல் ஆறுவதற்குள் அவர் போய்விட்டார். 'திறந்து மூடிட்டாங்க' என்கிற வார்த்தையை அப்புறம் எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. பெட்டியைக்கூட 'சாத்து' என்றுதான் சொல்வோம்.

சி.டி. எடுக்கக் கடலூரிலேயே இன்னோர் இடத்துக்குப் போனோம். போவதற்கு முன் மஞ்சக்குப்பத்து டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். நான் கேட்டதால்தான் சொன்னார், அலுத்துக்கொள்ளவும் இல்லை.

"ஊசி வழியா ஒரு மருந்து ஏத்துவாங்கய்யா. அது ஈரலுக்குள்ள எப்படிப் போவுது, எப்படி வெளிய வருதுன்னு விட்டு விட்டுப் படம் புடிப்பாங்க. ஈரல்லயே பொறக்கிற கெட்ட கட்டி பெரும்பாலும் அவசரமா குடிச்சிட்டு அவசரமா துப்பிடும். ரத்தக்குழா முடிச்சு மாதிரி சாதுவான கட்டின்னா ஓரத்துலேர்ந்து மெதுவா குடிக்கும், குடிச்சத வெச்சுக்கும். எது குடிக்குது, எப்படிக் குடிக்குதுங்கறதுதான் கணக்கு."

கட்டி மருந்தைக் குடிக்கிற லட்சணத்தை வைத்து அதன் குணத்தைச் சொல்லலாம் என்பதை நினைத்து நினைத்து நான் மாய்ந்து போனேன். மனுஷனையே அப்படிச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

அந்த மிஷின் ஒரு பெரிய உளுந்து வடை மாதிரி நின்றுகொண்டிருந்தது, நடுவில் ஓட்டை. அவளைப் பலகையில் படுக்க வைத்து அந்த ஓட்டைக்குள் அனுப்பினார்கள். எங்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில், படம் எடுக்கிற ஆள் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அம்மா பேசிட்டாங்கய்யா. முக்கியமான நேரத்துல மூச்ச அடக்காம பேசிட்டாங்க. படம் ஆடிப்போச்சு."

உள்ளேயிருந்து வந்தவளைக் கேட்டேன்.

"அந்த வடைக்குள்ளேர்ந்து ஒரு பொம்பள இந்தியில என்னமோ கேட்டுச்சுங்க. கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லாம எப்படி இருக்கறது? 'எனக்குத் தமிழ்தாம்மா தெரியும், மெதுவா சொல்லு'ன்னு சொன்னேன்."

"அது மிஷின்க்கா! மூச்ச இழுத்துப் புடின்னு சொல்லுது!"

"எனக்கென்னடா தெரியும்? அதுக்குள்ள மருந்து வேற ஏறி ஒடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது, துணியிலேயே போயிட்டனோன்னு பயந்து கெடக்கறேன். நீ போய்ப் படுத்துப் பாரு."

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டான். அது சிரித்ததால் வந்த கண்ணீர் இல்லை.

படங்களைப் பெரிய கறுப்புத் தாள்களாகக் கொடுத்தார்கள். வெளியே வந்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். என்ன சொல்வது! பலாப்பழத்தைக் குறுக்கே அறுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. சுற்றிலும் தோல், நடுவில் தண்டு, அதைச் சுற்றிச் சுளை சுளையாக என்னென்னவோ. மேலிருந்து கீழ் வரைக்கும் துண்டு துண்டாக அவளை அறுத்து வைத்திருக்கிறார்கள், ஆனால் அவள் என் பக்கத்தில் நின்று, "வெயில்ல நிக்காதீங்க, மயக்கம் வந்துடப் போவுது" என்கிறாள். கத்தி படவில்லை. மாமனாரைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டதைவிட இதில் ஜாஸ்தி தெரிகிறது. பயமும் இருந்தது, ஆனால் அது மட்டும் இல்லை.

ஆடிப்போன படத்தைப் பார்த்துவிட்டு மஞ்சக்குப்பத்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கட்டி குடிப்பது தெரிகிறது. துப்புகிறதா வைத்துக்கொள்கிறதா என்பது தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தீர்மானமாகச் சொல்லலாம், சிதம்பரத்துக்குப் போங்கள் என்றார். அதில் எக்ஸ்ரே கிடையாதாம், காந்தமாம். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீராம். அந்தத் தண்ணீரைக் காந்தம் உலுக்கிவிடுமாம், உலுக்கின தண்ணீர் திரும்பப் படிகிறபோது 'நான் இன்ன இடத்துத் தண்ணீர்' என்று ஒரு சேதி அனுப்புமாம். ஒரு டாக்டர் சொல்லியிருக்காவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன். சத்தம் தட்டிப் பார்க்கிறது, எக்ஸ்ரே அறுத்துப் பார்க்கிறது, காந்தம் தண்ணீரையே பேச வைக்கிறது. மூன்றும் தேடுவது பாதி எலுமிச்சம்பழத்தை.

சிதம்பரத்தில்தான் வந்தது வினை. உள்ளே அனுப்புவதற்கு முன் ஒரு நர்சம்மா வந்து, "தோடு, மூக்குத்தி, வளையல், மெட்டி, தாலி எல்லாம் கழட்டிடுங்கம்மா. உள்ள காந்தம்" என்றாள்.

தோட்டைக் கழற்றினாள். மெட்டியைக் கழற்றினாள். மூக்குத்தித் திருகாணி பிடித்துக்கொண்டிருந்தது, எண்ணெய் போட்டு அதையும் கழற்றினாள். தாலி என்றதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"இது வராது."

"தங்கத்த காந்தம் இழுக்காதில்ல சிஸ்டர்?" என்றான் மச்சான்.

"அதுல செம்பு கலந்திருக்கும், கொக்கி எதுல பண்ணதோ யாருக்குத் தெரியும்? குண்டூசி அளவு இருந்தாலும் படம் கெட்டுடும், சூடு ஏறும்."

"ஒரு தடவ படம் கெட்டாச்சு" என்றேன் நான், பொதுவாக.

"கட்டின மனுஷன் குத்துக்கல்லாட்டம் எதுர நிக்கிறப்ப நான் எதுக்குங்க கழுத்த மூளியா வெக்கணும்? கட்டி கட்டியாவே இருந்துட்டுப் போவட்டும், வாங்க வீட்டுக்குப் போலாம்."

நர்சம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "யாரும்மா மூளியா வெக்கச் சொன்னா? மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சக் கெழங்கு கட்டிக்கிட்டு வாங்க. மஞ்சள காந்தம் ஒண்ணும் பண்ணாது. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான் போறாங்க."

நானும் மச்சானும் கீழவீதிக்கு ஓடினோம். கோயில் பக்கத்துக் கடையில் தாலிக் கயிறும் கிழங்கும் கேட்டேன்.

"கல்யாணத்துக்கா, கயிறு மாத்தவா?" என்றார் கடைக்காரர்.

"ஸ்கேனுக்கு."

"எம்.ஆர்.ஐ.யா? அப்பக் கெழங்கு சின்னதா, கெட்டியாப் பாத்துத் தர்றேன். கணு இருந்தாக் கயிறு நழுவாது" என்றார். ஊருக்கே பழகிப்போன விஷயம் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பழைய தாலியைக் கழற்றுவதற்கு முன்னால் புதிதைக் கட்டிவிட வேண்டும், கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் பின்னால் நின்று முதல் முடிச்சைப் போட்டேன். அவள் தலை நரைத்திருந்தது, பிடரியில் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

எங்கள் கல்யாணம் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் நடந்தது. முகூர்த்த நாளில் அங்கே வந்து பார்த்தால் தெரியும், நின்ற இடத்திலெல்லாம் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும். எங்கள் மேளக்காரர் கெடிலம் ஆற்றில் கால் கழுவப் போனவர் வந்து சேரவில்லை. முகூர்த்தம் தப்பிவிடும் என்று எங்கப்பா தவியாய்த் தவிக்க, பக்கத்து ஜோடிக்குக் கெட்டிமேளம் அடித்தார்கள். "கட்டுடா!" என்று யாரோ என் முதுகில் குத்தினார்கள், கட்டிவிட்டேன். அடுத்த வீட்டு மேளத்துக்குக் கட்டின தாலி என்று இவள் என்னைக் குத்திக் காட்டாத வருஷம் இல்லை.

முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும். என் தங்கை அப்போது வடலூரில் இருந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் முழித்தேன்.

"நான் போடலாங்களா?" என்றாள் நர்சம்மா. "நாங்க வேதக்காரங்க. பரவாயில்லீங்களா?" அந்த அறையில் வேலை என்பதால் அவளும் தன் சிலுவைச் சங்கிலியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தாள்.

"முடிச்சு அவுராம இருந்தா சரி" என்றாள் என் வீட்டுக்காரி. "ஆனா நாத்தனார்னா சீர் கேப்பியே?"

"மூச்ச அடக்கச் சொல்றப்ப அடக்குங்க, அதான் எனக்குச் சீர்."

அவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள், டம டம டம டம என்று, சுவரே அதிர்கிற மாதிரி. நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கெட்டிமேளம், மாமா" என்றான் அவன்.

சிதம்பரத்துக் கோயிலில் திரையை விலக்கிக் காட்டுவார்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. வெட்டவெளி. அதைத்தான் ரகசியம் என்று கும்பிடுகிறோம். நான் படிக்காதவன், அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளும் விளங்கிக்கொண்டதில்லை. அன்றைக்கு அந்த வராந்தாவில் நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். திரையை விலக்கும்போது ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும்.

ஒன்றும் இல்லாமல் இல்லை. படம் பார்க்கிற டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டாள். உள்ளே கூப்பிட்டுக் காட்டுவது வழக்கமில்லையாம். மச்சான் விடாமல் நச்சரித்ததில் சரி வாங்க என்றுவிட்டாள். திரையில் ஈரல் கறுப்பாக இருந்தது. அதன் நடுவில் ஒரு வெளிச்சம். இருட்டு வீட்டில் பல்பு எரிகிற மாதிரி, அவ்வளவு வெள்ளை.

"இதாங்க உங்க கட்டி" என்றாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க, இது இவ்வளவு வெள்ளையா எரியறதே நல்லதுதான். கெட்ட கட்டி இப்படி எரியாது, மங்கலாத்தான் தெரியும். இதப் பாருங்க, மருந்து ஏத்தினப்புறம்." அடுத்தடுத்துப் படங்களை ஓட்டினாள். முதலில் ஓரத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாக வெள்ளை. அடுத்ததில் கொஞ்சம் உள்ளே. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். வாய்க்காலைத் திறந்துவிட்டால் பாத்தியில் வரப்போரமாகப் பரவி, மெதுவாக நடுவுக்கு வந்து நிறையுமே, அப்படி. கடைசிப் படத்தில் முழுக்க நிறைந்து நின்றது.

"துப்பலீங்களா?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "இல்லீங்க. துப்பல. குடிச்சத வெச்சிருக்கு. இது ரத்தக்குழாய்ங்க ஒண்ணா முடிச்சுப் போட்டுக்கிட்டது, அவ்வளவுதான். பெரும்பாலும் பொறவியிலயே இருக்கும். தோல்ல மச்சம் இருக்கிற மாதிரி ஈரல்ல ஒரு மச்சம்னு வெச்சுக்குங்க. ஒண்ணும் பண்ண வேணாம். வயித்து வலிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அதுக்கு மஞ்சக்குப்பத்து டாக்டர்ட்ட மாத்திர வாங்கிக்குங்க."

என் கை தானாகக் குவிந்துவிட்டது. டாக்டரம்மாவைப் பார்த்தா, திரையைப் பார்த்தா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் பிறக்கும்போதே கூட வந்த ஒன்று, அவளைப் பெற்றவர்கள் பார்க்காதது, கூடவே படுத்து எழுந்த நான் பார்க்காதது, அங்கே விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

"ஈரல்லயே மச்சமா!" என்றான் மச்சான். அழுகையும் சிரிப்புமாக இருந்தான். "எல்லாருக்கும் மச்சம் வெளிய இருக்கும். நீ உள்ளயே வெச்சிருக்கியேக்கா. பெரிய மச்சக்காரிதான் போ."

"ஆமாண்டா, மச்சக்காரி. அதான் உங்க மாமா கெடச்சாரு" என்றாள் அவள். அது பாராட்டா திட்டா என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை. வெளியே வந்ததும் கழுத்துக் கிழங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னாள்: "இந்தத் தடவ நமக்குன்னே அடிச்சாங்க, கேட்டீங்களா? என்னா அடி! காதுல பஞ்சு வெச்சும் கேட்டுது."

அடுத்த வருஷக் கடைசியில் தானே புயல் வந்தது. நான் தட்டிப் பார்த்துப் பழகின மரங்கள் ஒரே காலையில் வேரோடு சாய்ந்து கிடந்தன. மாமனாரின் முந்திரித் தோப்பில் மரம் என்று சொல்ல ஒன்று மிச்சமில்லை. கரன்ட் வந்து, பாதை சரியான பிறகு, மஞ்சக்குப்பத்துக்குப் போனோம். அந்தக் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வழியெல்லாம் மரம் கிடந்தது. எதுவும் இருந்த இடத்தில் இருக்கும் என்கிற நம்பிக்கையே அப்போது எனக்குப் போயிருந்தது.

அதே இருட்டு அறை, அதே பசை, அதே சாம்பல் மழை. டாக்டர் அந்த இடத்துக்குப் போனார், நின்றார். போய்விட்டுத் திரும்ப வந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

படுத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "டாக்டரு, என் மச்சம் எப்படி இருக்கு? காத்துல ஆடிப் போச்சா?"

"அப்படியே இருக்கும்மா" என்றார் அவர். "ஒரு நூல்கூட வளரல."